மலையில் முரண்டு, மதுரையில் சாது

மதுரையில் குளிர் என்று யாராவது சொன்னால், சொன்னவர் வெளியூர்க்காரர் என்று மதுரைவாசிகள் உடனே தீர்மானித்து விடுவார்கள். சித்திரை மாதத்து மத்தியானம் மாசி வீதியில் ஒரு தடவை நடந்து பார்த்தவர்களுக்கு அந்தத் தீர்மானத்தில் ஆட்சேபம் இராது. ஆனால் இதே மதுரையில், மார்கழி விடியற்காலையில் தலைக்குத் தடவத் தேங்காயெண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். ஒரு சொட்டாவது விழுமா? வெண்ணெய் போல் உறைந்து அடியிலேயே உட்கார்ந்திருக்கும். வெயிலில் சற்று நேரம் வைத்த பிறகுதான் மனம் இளகும். சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காயெண்ணெயின் சுபாவம் அப்படி. மார்கழி, தை மாதங்களில் மதுரை விடியற்காலை 20 டிகிரியை ஒட்டி வந்துவிடும்.

இந்தக் கட்டுரையும் எண்ணெயைப் பற்றியதுதான். ஆனால் தலைக்குத் தேய்ப்பதல்ல. மோட்டார் வண்டியின் கியர்ப் பெட்டிக்குள் இருப்பது. "மோட்டார் சமாசாரமா? அது ஆண்கள் பாடு" என்று பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்குத் தாவி விடாதீர்கள். இதில் வெற்றி பெற்றது ஒரு பெண்மணி. அதுவும் நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றின் துணையால்.

பூவுக்கு முன்னே எழும் வண்டி

நீங்கள் தலையில் சூடும் மதுரை மல்லி எப்படி வருகிறது என்று எப்போதாவது யோசித்தது உண்டா? திருமங்கலம், உசிலம்பட்டி, நிலக்கோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் சூரியன் எழும் முன்பே பெண்கள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மொட்டுப் பறிக்க இறங்குகிறார்கள். மல்லிகை அன்று மாலையே மலர்ந்துவிடும்; அதற்குள் மொட்டாகவே கைமாற வேண்டும். மூட்டைகள் விடியலோடு மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு வந்தாக வேண்டும். மதுரை மல்லிக்கு 2013-ம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெருமையில் ஒரு பங்கு, பூவைச் சுமந்து வரும் சின்ன வண்டிகளுக்கும் உண்டு.

2005-ல் வந்த ஒரு சின்ன சரக்கு வண்டிக்குத் தமிழ்நாட்டு ஜனங்கள் 'குட்டி யானை' என்று செல்லப் பெயர் சூட்டிவிட்டார்கள். இப்போது அந்த ஜாதி வண்டிகள் எல்லாவற்றுக்குமே அதுதான் பெயர். மார்கழி விடியற்காலையில் குட்டி யானை ஓட்டுபவர்களைக் கவனித்துப் பாருங்கள். கிளம்பிய முதல் ஒன்றிரண்டு கிலோமீட்டர் வரை கியர்க் கம்பியை ஓங்கித் தள்ள மாட்டார்கள். "எண்ணெய் இன்னும் எந்திரிக்கலை சார்" என்பார்கள். இரவு முழுவதும் அசையாமல் கிடந்த கியர் எண்ணெய் தடித்துப் போயிருக்கும். கையால் போடும் கியராக இருப்பதால், எவ்வளவு மெதுவாகத் தள்ள வேண்டும் என்பதை டிரைவரின் கையே அறிந்து கொள்கிறது.

கரி அடுப்புப் பஸ்

மோட்டார் வண்டியின் மனம் அறிந்து நடப்பது மதுரைக்குப் புதிய வித்தையல்ல. திருக்குறுங்குடியில் 1877-ல் பிறந்த டி. வி. சுந்தரம் ஐயங்கார், 1912-ல் பஸ் சர்வீஸ் தொடங்கித் தென்னாட்டு மோட்டார்ப் போக்குவரத்துக்கு அடிகோலினார். மதுரையே அவருடைய தொழிலுக்குத் தலைநகராயிற்று. அவருடைய பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரி செய்து கொள்வார்கள் என்று பெரியவர்கள் சொல்வது வழக்கம்.

இரண்டாவது உலக யுத்தத்தில் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தபோது, கரியிலிருந்து வாயு உண்டாக்கி அதில் பஸ் ஓட்டும் சாதனத்தை அவருடைய நிறுவனமே தயாரித்தது. பஸ்ஸின் உடம்பில் ஓர் அடுப்பையே கட்டிவிட்ட மாதிரி! அடுப்பு என்றால் பற்ற வைக்க வேண்டும், ஊத வேண்டும், கனிய வேண்டும். அதற்குப் பிறகுதான் பிரயாணம். 1972-ல் பஸ் போக்குவரத்து அரசுடைமையாகி, மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவாயிற்று. காலம் மாறியது, கம்பெனி மாறியது. 'குளிர்ந்த வண்டியை அவசரப்படுத்தாதே' என்ற பாடம் மட்டும் மாறவில்லை.

இடது காலுக்கு ஓய்வு

இப்போது தானியங்கி கியர் வந்திருக்கிறது. கிளட்ச் மிதி கிடையாது. இடது காலுக்கு வேலையே இல்லை. அமெரிக்காவில் 1940-ம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் முதன் முதலாகப் பெருவாரியாக விற்பனைக்கு வந்த இந்த ஏற்பாடு, நம் நாட்டுப் பிக்கப் வண்டிகளில் எட்டிப் பார்த்தது சமீப காலத்தில்தான். முன்னால் கார் மாதிரி ஐந்து பேர் உட்காரலாம். பின்னால் திறந்த தொட்டியில் சாமான் ஏற்றலாம். அப்படிப்பட்ட விலை கூடிய பிக்கப்களில் சிலவற்றில்தான் இது இருக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது தெரியுமா? இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வையுங்கள். ஒன்றைச் சுழல விட்டால், அதன் காற்றிலேயே மற்றொன்றும் சுழலும் அல்லவா? காற்றுக்குப் பதில் எண்ணெயை வைத்தால், அதுதான் டார்க் கன்வர்ட்டர் என்ற உறுப்பின் அடிப்படை. இன்ஜின் ஒரு விசிறியைச் சுழற்றுகிறது. எண்ணெய் மற்றதைச் சுழற்றுகிறது. அடுத்து, ஒவ்வொரு கியருக்கும் தட்டுத் தட்டாக கிளட்ச்சுகள் இருக்கின்றன. அவற்றை இறுக்குவதும் விடுவதும் அதே எண்ணெயின் அழுத்தம்தான். எப்போது, எவ்வளவு அழுத்துவது என்று கட்டளை இடுவது ஒரு சின்னக் கம்ப்யூட்டர்.

ஆக, தானியங்கி கியருக்குக் கையும் காலும் எண்ணெயே. அந்த எண்ணெய் 100 டிகிரிச் சூட்டில் இருப்பதைக் காட்டிலும் 40 டிகிரியில் ஏறத்தாழ ஐந்து மடங்கு கெட்டியாக இருக்கும். 10 டிகிரிக்குப் போனாலோ அதையும்விடப் பல மடங்கு. தேங்காயெண்ணெயைப் போல் உறைந்து விடாது. பாகு போல் சோம்பி நகரும். கிளட்ச் இறுகச் சற்றுத் தாமதமாகும்; தாமதத்தை ஈடுகட்ட அழுத்தம் கூடும்; உடனே 'தொம்' என்று ஓர் உதை.

வண்டி புதிது என்றால் இன்னொரு சங்கடம். புதிதாக வந்த சமையற்காரர் உங்கள் வீட்டு உப்பின் அளவைப் பிடிபடுத்திக் கொள்ள ஒரு வாரம் ஆகிறதல்லவா? அதுபோலவே அந்தக் கம்ப்யூட்டரும் தன் வண்டியின் கிளட்ச் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு எண்ணெய் வேண்டும் என்று ஓடி ஓடித்தான் கற்றுக்கொள்கிறது. அது வரையில் சாம்பாரில் உப்பு சற்று முன்னே பின்னேதான் இருக்கும். இதல்லாமல், குளிர்ந்த இன்ஜினையும் புகைக்குழாய்ச் சுத்திகரிப்பானையும் சீக்கிரம் சூடாக்குவதற்காக, வேண்டுமென்றே கீழ்க் கியரில் அதிக நேரம் இழுப்பதும் உண்டு. அது கோளாறல்ல, சொல்லிக் கொடுத்த பாடம்.

வத்தலக்குண்டு தாண்டி

இவ்வளவும் மதுரைச் சமவெளியில் அவ்வளவாகத் தெரியாது. தெரிய வேண்டுமானால் மலை ஏற வேண்டும். வாருங்கள், ஏறுவோம்.

மதுரையிலிருந்து கொடைக்கானல் சுமார் 120 கிலோமீட்டர். வாடிப்பட்டி தாண்டி வடக்கே போகும்போது வலப்புறம் சிறுமலை துணைக்கு வருகிறது. கொடை ரோடில் திரும்பி, நிலக்கோட்டையின் பூ வாசனையை மூக்கில் வாங்கிக் கொண்டு வத்தலக்குண்டு சேரலாம். 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜமய்யர் பிறந்த ஊர் இது. காட்டு ரோடுக்கு அப்பால் தென்னந்தோப்புகள் பின்தங்க, வளைவுகள் ஆரம்பமாகும். டம்டம் பாறையில் நின்றால் 297 மீட்டர் உயரத்திலிருந்து ஒற்றை நூலாகத் தொங்கும் எலிவால் அருவியும், கீழே மஞ்சளாறு அணையும் தெரியும். பிறகு ஊத்து, பெருமாள் மலை, வெள்ளி நீர்வீழ்ச்சி, அப்புறம் ஊர்.

ஆயிரம் மீட்டர் ஏறினால் சூடு ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும் என்பது கணக்கு. கொடைக்கானல் இருப்பதோ சுமார் 2,100 மீட்டரில். தை மாதத்து இரவில் 8 டிகிரி வரை இறங்கிவிடும். மதுரையில் முந்தானையால் விசிறிக்கொண்டு ஏறியவர்கள், மாலையில் இறங்கும்போது அதே முந்தானையைத் தலையோடு போர்த்திக் கொள்வார்கள்.

பால் தூக்கு சாய்ந்தது

வில்பட்டிப் பக்கம் ஒரு தம்பதி. மதுரையில் பிறந்து வளர்ந்தவர்கள். நாலு அறைகளில் விருந்தினரைத் தங்க வைத்துச் சமைத்துப் போடுகிறார்கள். கொஞ்சம் கேரட், பீன்ஸ் பயிரும் உண்டு. கணவருக்கு இடது முழங்காலில் ஆபரேஷன் ஆனபின் மலைப் பாதையில் கிளட்ச் மிதிக்க முடியாமல் போயிற்று. ஆளை வைத்து ஓட்டினால் வருமானம் கூலிக்கே சரியாகிவிடும். அந்த அம்மாள் யோசித்தார். நகையைப் பாங்கில் வைத்தார். மிச்சத்துக்குக் கடன் எழுதினார். தானியங்கி கியர் வைத்த புதுப் பிக்கப் ஒன்று வாசலில் வந்து நின்றது. கணவர் மறுபடி ஓட்டத் தொடங்கினார். வீட்டில் வெளிச்சம் வந்தது போலிருந்தது.

அந்த வெளிச்சம் மார்கழி வரைதான். ஒரு நாள் விடியற்காலை பால் வாங்கித் திரும்பும்போது, இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறிய வண்டி போட்ட உதையில், பின்னால் வைத்திருந்த பால் தூக்கு சாய்ந்து போயிற்று. மறுநாளும் உதை. மூன்றாம் நாளும் உதை.

"பால் போனாப் போகுது சார். நகை பாங்குல இருக்கு, வண்டி இப்படி முரண்டு புடிக்குது. ராத்திரி தூக்கம் வருமா?" என்றார் அந்த அம்மாள்.

யோசனை சொல்ல ஆள் பஞ்சமா? "அரை மணி நேரம் நிறுத்தியபடியே ஓட விடுங்கள்" என்றார் ஒருவர். "கியர்ப் பெட்டியைப் பிரித்து எண்ணெயை மாற்றிவிட வேண்டியதுதான்" என்றார் வழியில் ஒரு மெக்கானிக். "தலையைச் சுற்றி விற்றுவிடுங்கள்" என்றார் ஓர் உறவினர். கணவர் பாதி மனசோடு மெக்கானிக் பக்கம் சாய்ந்தார்.

"என்னங்க, வாரண்டி இருக்கிற வண்டியை வெளி ஆளு தொட்டா, நாளைக்குக் கம்பெனிக்காரவுக கையை விரிச்சிருவாக. முதல்ல மதுரைக்கே கொண்டு போவோம்" என்று அந்த அம்மாள் தடுத்து விட்டார்.

பல்வலியும் டாக்டரும்

கொண்டு போனார்கள். இரவெல்லாம் 'உயிர் போகிறது' என்று துடிக்க வைத்த பல்வலி, டாக்டர் வீட்டு வாசற்படி ஏறியதும் நின்றுவிடும் அனுபவம் உங்களுக்கு உண்டா? அதேதான் நடந்தது. 120 கிலோமீட்டர் இறங்கி, மதுரை வெயிலில் ஊறி, சர்வீஸ் பட்டறைக்குள் நுழைந்த வண்டி பசு மாதிரி நடந்து காட்டிற்று. ஓட்டிப் பார்த்தவர், "நன்றாகத்தானே இருக்கிறது?" என்றார். பொய் சொல்லவில்லை, அவர் ஓட்டியபோது நன்றாகத்தான் இருந்தது. மலைக்குத் திரும்பிய மறுநாள் காலையில் மறுபடியும் 'தொம்'.

இரண்டாவது தடவையும் அதே கதை. "அம்மா, உங்களுக்குப் பழக்கமில்லாததால் அப்படித் தோன்றுகிறது" என்று இம்முறை ஒரு சமாதானமும் சேர்ந்து கிடைத்தது. இந்த வாக்கியத்தைக் கேட்காத குடும்பத் தலைவிகள் நம்மில் யார் இருக்கிறார்கள்? மிக்ஸியில் சத்தம் என்றாலும் இதே பதில்தான், மீட்டர் வேகமாக ஓடுகிறது என்றாலும் இதே பதில்தான்.

நாற்பது பக்க நோட்டு

அந்த அம்மாள் சண்டை பிடிக்கவில்லை. மகளின் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்தார். பால் கணக்கு எழுதுவதைப் போலவே கட்டம் போட்டார். தேதி, கிளம்பிய நேரம், வெளியே எத்தனை டிகிரி, எந்தக் கியரிலிருந்து எதற்கு மாறும்போது உதை, எத்தனையாவது கிலோமீட்டரில் நின்றது. மூன்று வாரம் எழுதினார்.

எழுதி முடித்தபோது உண்மை தானாகவே வெளிவந்தது. உதை எப்போதும் முதல் நாலு கிலோமீட்டருக்குள். எப்போதும் இரண்டிலிருந்து மூன்று. பகலில் நாலு மணி நேரம் நின்று கிளம்பினால் கிடையாது. குளிர் அதிகமான நாளில் உதையும் அதிகம். சூடேறிய பின் ஒரு நாள்கூட இல்லை.

மூன்றாவது தடவை மதுரைக்குப் போனபோது, அந்த அம்மாள் நோட்டை மேஜைமேல் வைத்துச் சொன்னார்: "தம்பி, இப்ப ஓட்டிப் பார்க்க வேணாம். வண்டி ராத்திரி இங்கேயே நிக்கட்டும். விடியக்காலம் யாரும் ஸ்டார்ட் பண்ணுறதுக்கு முன்னாடி நீங்களே வந்து எடுத்துப் பாருங்க."

பட்டறைக்காரர் நோட்டைப் புரட்டினார். சற்று நேரம் பேசவில்லை. மறுநாள் காலை ஐந்தரை மணிக்குச் சொன்னபடியே வந்துவிட்டார். பரிசோதனைக் கருவியை வண்டியோடு இணைத்தபோது, கியர் எண்ணெய் 22 டிகிரி காட்டிற்று. தெருவில் இறங்கி, இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறிய கணத்தில், மெல்லியதாக ஓர் உதை! அந்த அம்மாளுக்கு அழுகை வந்துவிட்டதாம். உதை வந்ததற்காக ஒருத்தி சந்தோஷப்பட்டு அழுதது அநேகமாக மதுரையில் அதுதான் முதல் தடவை.

அப்புறம் வேலை வேகமாக நடந்தது. கியர்க் கம்ப்யூட்டருக்குக் கம்பெனி அனுப்பியிருந்த புதிய கட்டளைத் தொகுப்பை ஏற்றினார்கள். பழைய பாடத்தை அழித்து, குளிர்ந்த நிலையிலிருந்து சூடான நிலை வரை ஒவ்வொரு கியராக ஓட்டிப் புதிதாகக் கற்றுக் கொடுத்தார்கள். பிரிக்கவும் இல்லை, பணமும் இல்லை.

முழுவதும் குணமாகி விட்டதா என்று கேட்டேன். "மொதல் ஒரு கிலோமீட்டர் லேசா ஒரு தள்ளு தள்ளும் சார். அது குளிருக்கு. நமக்கும் காலையில முட்டி பிடிக்கலையா?" என்று சிரித்தார். கணவர் தமது முழங்காலைத் தடவிக் கொண்டார். பால் தூக்கு இப்போது சாய்வதில்லை. மாதத் தவணை தவறாமல் கட்டப்படுகிறது. முக்கியமான சேதி, அந்த அம்மாளே ஓட்டக் கற்றுக்கொண்டு வருகிறார்.

உங்கள் வீட்டு வண்டிக்கும்

பிக்கப் இல்லாவிட்டாலும், கிளட்ச் மிதி இல்லாத கார் இன்று பல வீடுகளில் இருக்கிறது. ஒரு வித்தியாசத்தை அறிந்து கொள்ளுங்கள். 2014 முதல் நம் நாட்டுச் சிறிய கார்களில் பரவிய ஏ.எம்.டி. என்பது, கையால் போடும் கியரையே ஒரு இயந்திரக் கை போடுவது. அது கியர் மாறும்போது சூடோ குளிரோ ஒரு சின்னத் தலையாட்டல் இருக்கும், சுபாவம் அப்படி. மேலே சொன்ன எண்ணெய்க் கதை டார்க் கன்வர்ட்டர் வைத்த வண்டிகளுக்கு உரியது.

குளிர்ந்த வண்டியைக் கிளப்பியதும் அரை நிமிஷம், மிஞ்சினால் ஒரு நிமிஷம் பொறுங்கள்; அரை மணி நேரம் நிறுத்தி வைத்து எரிபொருளை எரிப்பதால் பயனில்லை. நின்ற இடத்தில் இன்ஜினைச் சூடாக்கினால் கியர் எண்ணெய் எளிதில் சூடாகாது, ஓடினால்தான் ஆகும். முதல் சில கிலோமீட்டர் ஆக்ஸிலேட்டரை மெதுவாக மிதியுங்கள். வண்டி முழுவதும் நிற்கும் முன் முன்னோக்கியிலிருந்து பின்னோக்கிக்கு மாற்றாதீர்கள். சரிவில் நிறுத்தும்போது முதலில் கைப்பிரேக்கைப் போட்டுவிட்டு, பிறகு 'பார்க்'கில் வையுங்கள். மலை இறங்கும்போது நியூட்ரலில் விடாமல் கீழ்க் கியரில் வாருங்கள். எண்ணெய் மாற்ற நேர்ந்தால், கையேடு சொல்லும் ரகத்தைத் தவிர வேறு எதையும் ஊற்ற அனுமதிக்காதீர்கள்.

எல்லா உதையும் குளிரினால் வருவதல்ல. சூடேறிய பின்னும் உதைத்தால், இன்ஜின் இரைந்தும் வண்டி நகராவிட்டால், வண்டிக்கு அடியில் எண்ணெய் சொட்டினால், கருகல் வாடை வந்தால், எச்சரிக்கை விளக்கு எரிந்தால் தாமதிக்காதீர்கள். அன்றே பட்டறைக்குச் சொல்லுங்கள்.

எந்தச் சந்தேகமானாலும் முதலில் ஒரு நோட்டை எடுங்கள். மலையில் வருகிற குறை மதுரையில் தெரியாது; அதற்காக அது இல்லை என்று ஆகிவிடாது. வாயால் சொன்னபோது 'உங்களுக்குத் தோன்றுகிறது' என்றவர்கள், தேதி போட்டு எழுதிக் காட்டியதும் காலை ஐந்தரை மணிக்கு எழுந்து வந்தார்கள். நீங்கள் தினமும் எழுதும் பால் கணக்குக்கு இவ்வளவு சக்தி உண்டு என்று இதுவரை யாரும் உங்களிடம் சொல்லவில்லையல்லவா?